எண்ணெய் படிந்த பறவையைக் கழுவி விட்டால் அது பிழைக்குமா?

கொசத்தலைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் மழை ஓய்ந்து ஒரு வாரம் கழிந்த பின், எண்ணூர்க் கழிமுகப் பக்கம் சென்றிருந்தேன். மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசத்தலையாற்றின் முகத்துவாரம் வரை பரவி, படகுகளின் பக்கங்களிலும் அலையாத்திச் செடிகளின் வேர்களிலும் கருமையாக ஒட்டியிருந்தது. அந்த நீரிலும் கூழைக்கடாக்கள் வழக்கம்போல இறங்கி மீன் தேடிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று, வெண்மையாக இருக்க வேண்டிய வயிற்றுப் பகுதி முழுவதும் பழுப்பேறிய நிலையில், கரையோரம் நின்று அலகால் இறகுகளை நெடுநேரம் கோதிக்கொண்டே இருந்தது. நானும் உடன் வந்த இரு நண்பர்களும் மெல்ல நெருங்கியபோது அது பறந்துவிட்டது.

அன்று மாலை எங்களுக்குள் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. வெளிநாடுகளில் இத்தகைய பறவைகளை ஆயிரக்கணக்கில் பிடித்துக் கழுவிக் காப்பாற்றுகிறார்கள், நம்மவர்களுக்குத்தான் மனமில்லை என்றார் ஒருவர். கழுவுவதெல்லாம் படம் பிடிப்பதற்காக நடப்பது, விடுவிக்கப்பட்ட பறவைகள் சில நாள்களிலேயே கடலில் இறந்துவிடும், ஆகவே அந்தப் பணத்தைக் கசிவைத் தடுப்பதில் செலவிடுவதே அறிவுடைமை என்றார் மற்றவர். இருவரிடமும் சான்று இல்லை, என்னிடமும் இல்லை.

2017 ஜனவரி 28 அன்று விடியற்காலையில் எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டபோது நேர்ந்தது கடற்கசிவு. 2023இல் நேர்ந்தது நிலத்திலிருந்து வந்த கசிவு. இந்த வேறுபாடு எனக்குத் தெரியும். பறவைக்கு அது ஒன்றுதான் என்பதால் இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். எண்ணெய் பறவையின் உடலில் என்ன செய்கிறது? கழுவப்பட்டவை உண்மையில் பிழைத்து, கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததற்குச் சான்று உண்டா? கடலோர உயிர்களுக்கு நேரும் இழப்பில் நம் கண்ணில் படும் இந்தப் பறவைகள் எவ்வளவு பங்கு?

கடற்காகம் எழுதியது:

நான் கால்நடை மருத்துவன். கடற்பறவைகள் எப்போதாவது ஒன்றிரண்டு என்னிடம் வருவதுண்டு என்பதால், உங்கள் முதற்கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பறவையின் இறகில் நீர் ஒட்டாமல் இருப்பது அது பூசிக்கொள்ளும் கொழுப்பினால்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். வாலடியில் உள்ள சுரப்பியின் கொழுப்பு இறகைப் பதமாக வைத்திருக்கிறது என்பது மெய்தான். ஆனால் பெரும்பங்கு வேலையைச் செய்வது இறகின் அமைப்பு. ஓர் இறகின் இழைகளிலிருந்து நுண்ணிய கிளைகள் பிரிந்து, அவற்றின் முனையில் உள்ள கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நெருக்கமாக நெய்த துணியைப் போல நீரை உள்ளே விடாமல் நிற்கின்றன. அதற்குக் கீழே மென்தூவிகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று உடலைக் கதகதப்பாக வைத்திருக்கிறது. எண்ணெய் பட்டவுடன் இக்கொக்கிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றை கற்றையாகிவிடுகின்றன. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இப்படித் திறந்துவிட்டாலே போதும், அந்த வழியாக நீர் தோலைத் தொட்டுவிடும். பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். சென்னைக் கடல் நமக்கு வெதுவெதுப்பாகத் தோன்றினாலும், நாள் முழுவதும் அதில் மிதக்கும் பறவையின் வெப்பத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அவ்வெப்பத்தை ஈடுகட்டக் கூடுதலாக உண்ண வேண்டும். இறகு கனத்துப்போன பறவையால் வேட்டையாட முடியாது. ஆகவே முதலில் தன் கொழுப்பையும், பிறகு தன் தசையையும் கரைத்து உயிர் வாழ்கிறது.

நீங்கள் பார்த்த அந்தக் கோதுதல்தான் இரண்டாவது கேடு. அழுக்கை நீக்குவதாக எண்ணி அது எண்ணெயை விழுங்கிக்கொண்டிருந்தது. குடலின் உட்சுவர் புண்ணாகி நீர் வற்றும். ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வரும். வெளியே பார்த்தால் வயிற்றில் ஒரு கறை மட்டும் தெரியும் பறவைக்கு உள்ளே இவ்வளவும் நடந்துகொண்டிருக்கலாம். அதனால்தான், பறவைக் காப்பகங்களில் பிடித்த அன்றே கழுவ மாட்டார்கள். முதலில் கதகதப்பான இடத்தில் வைத்து, குழாய் வழியாக நீர்மமும் உணவும் கொடுத்து, ஓரிரு நாள் தேற்றிய பிறகே தொட்டியில் இறக்குவார்கள். கழுவுதல் தாங்க முடியாத அதிர்ச்சி. நலிந்த பறவை கழுவுபவர் கையிலேயே இறந்துபோவது உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கூழைக்கடாக்கள் டிசம்பர், ஜனவரியில் வேடந்தாங்கல் போன்ற இடங்களில் கூடு கட்டும் பருவத்தில் இருப்பவை. வயிற்று இறகில் எண்ணெயோடு பறந்து செல்லும் பறவை முட்டைமேல் அமர்ந்தால் அது ஓட்டில் படும். ஒரு சொட்டின் சிறு பகுதி பட்டாலே உள்ளிருக்கும் கரு இறந்துவிடக்கூடும் என்பது வாத்து முட்டைகளில் செய்த ஆய்வுகளில் உறுதியான செய்தி. எண்ணூரில் எண்ணெய் பட்ட பறவையால், எண்ணெயே காணாத ஓர் ஏரியின் மரக்கிளையில் இழப்பு நேரலாம். அதை யாரும் கசிவின் கணக்கில் எழுத மாட்டார்கள்.

தென்முனை எழுதியது:

கழுவப்பட்டவை பிழைத்ததற்குச் சான்று கேட்டீர்கள். உலகில் இதுவரை நடந்தவற்றுள் மிகப் பெரிய பறவை மீட்பு என் கண்முன் நடந்தது. ஆகவே சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000ஆம் ஆண்டில் நான் கேப்டவுனில் மாணவனாக இருந்தேன். பிரேசிலிலிருந்து சீனாவுக்கு இரும்புத்தாது ஏற்றிச் சென்ற ‘ட்ரெஷர்’ என்ற கப்பல் ஜூன் 23 அன்று ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடையே மூழ்கியது. ராபன் தீவு நெல்சன் மண்டேலா சிறையிருந்த தீவு என்பதை எல்லோரும் அறிவார்கள். அது ஆப்பிரிக்கப் பென்குவின்களின் பெரிய குடியிருப்புகளுள் ஒன்று என்பதை அன்று நானும் அறியவில்லை. அவ்வினத்தின் ஏறத்தாழ 40 சதவீதப் பறவைகள் அந்த இரு தீவுகளையும் நம்பி வாழ்ந்தன. கப்பலின் எரிபொருளான கெட்டி எண்ணெய் ஏறத்தாழ 1,300 டன். அலாஸ்காவிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் கொட்டியவற்றோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. ஆனால் கசிந்த இடமும் பருவமும் மிக மோசமானவை: பென்குவின்கள் கூட்டில் இருந்த நேரம் அது.

எண்ணெய் படிந்த பென்குவின்கள் ஏறத்தாழ 19,000. அவற்றைக் கேப்டவுனின் சால்ட் ரிவர் பகுதியில் இருந்த ஒரு பெரிய கிடங்குக்குக் கொண்டுவந்து, வட்ட வட்டமான தடுப்புகளில் அடைத்து வைத்தார்கள். பறவை மீட்பில் பழுத்த அனுபவமுள்ள சான்காப் என்னும் அமைப்பு முன்னின்று நடத்தியது. உலகின் பல நாடுகளிலிருந்தும் வல்லுநர்கள் வந்தார்கள். எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றோம். எனக்குக் கிடைத்த வேலை மீன் ஊட்டுவது. பென்குவின் செத்த மீனைத் தானாக உண்ணாது. இரு முழங்கால்களுக்கிடையே அதை அடக்கி, தலையைப் பிடித்து, அலகைத் திறந்து ஒரு மத்தியைத் தொண்டைக்குள் தள்ள வேண்டும். அதன் அலகு கத்திபோல வெட்டும். தடித்த கையுறை போட்டும் அந்த மூன்று வாரத் தழும்பு இன்றும் என் மணிக்கட்டில் இருக்கிறது. மீனும் எண்ணெயும் எச்சமும் கலந்த அந்த வாடை வீட்டிற்குத் திரும்பிய பின்னும் போகாது. மினிபஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருந்தது.

கழுவியவர்கள் என்னினும் தேர்ந்தவர்கள். இருவர் சேர்ந்து ஒரு பறவையை வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் கலந்த தொட்டிகளில் மாற்றி மாற்றி, நீர் தெளியும் வரை கழுவுவார்கள். கண்ணைச் சுற்றிப் பல்துலக்கும் தூரிகையால் தேய்ப்பார்கள். அதன் பிறகு அலசுவதுதான் பெரிய வேலை. சோப்பின் சுவடு துளி எஞ்சினாலும் இறகில் நீர் புகும். அலசி முடித்த இறகில் நீர் முத்து முத்தாக உருண்டு விழ வேண்டும். பிறகும் சில வாரங்கள் குளத்தில் நீந்தவிட்டு, இறகுகள் மறுபடி கோத்துக்கொண்டனவா என்று பார்த்த பின்பே விடுவித்தார்கள். எண்ணெய் படிந்தவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இவ்வாறு கடலுக்குத் திரும்பின.

இவ்வெற்றி ஒரே நாளில் வந்ததன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1994 ஜூனில், டாசன் தீவருகே ‘அப்போலோ சீ’ என்ற கப்பல் தன் 36 மாலுமிகளோடு மூழ்கியபோது ஏறத்தாழ 10,000 பென்குவின்கள் எண்ணெயில் சிக்கின. அவற்றில் பாதிதான் பிழைத்தன. வண்டிகளில் நெருக்கி அடைத்து ஏற்றியதிலேயே பல மாண்டன. காற்றுப்புகும் பெட்டிகள், பெட்டிக்கு இத்தனை பறவை என்ற வரம்பு ஆகியவை அந்த இழப்பிலிருந்து கற்றவை.

ஆனால் 2000இல் நடந்தவற்றுள் நான் மிக உயர்வாகக் கருதுவது கழுவுதலை அன்று. எண்ணெய் இன்னும் படாத 19,500 பறவைகளைப் பிடித்து, லாரிகளில் ஏற்றி, ஏறத்தாழ 800 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள போர்ட் எலிசபெத் கடற்கரையில் விட்டார்கள். தம் தீவுக்குத் திரும்பியே தீரும் அவற்றின் இயல்பை நம்பிச் செய்த துணிகரமான வேலை அது. அவை நீந்தி வந்து சேர இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் கடலைத் தூய்மை செய்துவிடலாம் என்பது கணக்கு. பீட்டர், பமீலா, பெர்சி என்று பெயரிட்ட மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருந்தார்கள். நாங்கள் கிடங்கில் வேலைக்கு நடுவே, பீட்டர் இன்று எந்த முனையைத் தாண்டிவிட்டான் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அவை வந்து சேர்ந்தபோது தீவுகளைச் சுற்றியிருந்த எண்ணெயின் பெரும்பகுதி அகன்றிருந்தது. ஏறத்தாழ 2,000 பென்குவின்கள் இறந்தன; பெற்றோரைப் பிரிந்த குஞ்சுகளின் இழப்பு தனி.

கழுவி விட்டவை குஞ்சு பொரித்தனவா என்றால், பொரித்தன. இறக்கைப் பட்டை இட்டுப் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். ஆயுள் அளவில் மற்றப் பறவைகளுக்கு ஏறத்தாழ இணையாகவும், குஞ்சுகளை வளர்த்து ஆளாக்குவதில் சற்றுப் பின்தங்கியும் அவை இருந்தன. ஆகவே உங்கள் இரண்டாம் நண்பரின் கூற்று இவ்வினத்தைப் பொறுத்தவரை தவறு.

எதிர்க்கணக்கு எழுதியது:

தென்முனை அவர்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பென்குவினை வைத்துக் கூழைக்கடாவுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. பென்குவின் பறக்காது; உடலில் எண்ணெய் பட்டால் தானே கரையேறி நிற்கும்; கொழுத்த உடல், பட்டினி தாங்கும் இயல்பு; தீவு மாறாது என்பதால் பின்னர் கண்காணிப்பதும் எளிது. மீட்பவருக்கு இவ்வளவு வசதியான பறவை வேறில்லை. பறக்க முடிகிற வரை கூழைக்கடாவைப் பிடிக்க முடியாது, பிடிக்க முடிகிற நிலைக்கு வந்தபோது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். கேள்வி கேட்டவரே அதைக் கண்டிருக்கிறார்.

1990 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் கடற்கரையருகே ‘அமெரிக்கன் டிரேடர்’ என்ற எண்ணெய்க் கப்பல் தன் நங்கூரத்தின் மேலேயே மோதித் துளைபட்டது. அப்போது கழுவி விடப்பட்ட பழுப்புக் கூழைக்கடாக்களுக்கு வானொலிக் கருவி பொருத்தி, எண்ணெய் படாதவற்றோடு ஒப்பிட்டுக் கண்காணித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் கழுவப்பட்டவற்றுள் மிகச் சிலவே எஞ்சின. அவையும் கூடு கட்ட முயன்றதாகத் தெரியவில்லை. அதன்பின் முறைகள் மேம்பட்டிருக்கின்றன, மெக்சிகோ வளைகுடாவில் கழுவப்பட்டு வளையமிடப்பட்ட சில கூழைக்கடாக்கள் பல ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு காணப்பட்டிருக்கின்றன என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

பணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் விரிகுடாவில் ‘எக்சான் வால்டீஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் தட்டுப்பாறையில் மோதியபோது, மீட்கப்பட்ட கடல்நீர்நாய் ஒன்றுக்கு 80,000 டாலருக்கும் மேல் செலவானதாகக் கணக்கிட்டார்கள். அதே கசிவில் இறந்த கடல்நீர்நாய்கள் ஏறத்தாழ 2,800. இறந்த கடற்பறவைகள் ஏறத்தாழ 2,50,000. கரையில் எடுத்த பறவைச் சடலங்களோ ஏறத்தாழ 35,000தான். மீதி அனைத்தும் கடலில் அமிழ்ந்தும், பிற விலங்குகளுக்கு இரையாகியும் மறைந்தன. கரையில் ஒன்று கிடந்தால் காணாமற்போனவை பல என்று கொள்ள வேண்டும்.

கரையைத் தூய்மை செய்கிறோம் என்று அங்கே பாறைகள்மேல் சூடான நீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சினார்கள். எண்ணெய்க்குத் தப்பிய ஆளிகளும் கொட்டலசுகளும் பாசிகளும் அந்த வெந்நீரில் செத்தன. கூழாங்கற்களுக்கு அடியில் இறங்கிய எண்ணெய் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. மட்டி தோண்டித் தின்னும் கடல்நீர்நாய்கள் அதைத் தோண்டித் தோண்டித் தம்மேல் பூசிக்கொண்டன. அவற்றின் எண்ணிக்கை பழைய நிலையை எட்ட ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின. அவ்விரிகுடாவின் ‘ஏடி1’ என்ற ஓர்க்கா திமிங்கிலக் கூட்டம் அதையும் எட்டவில்லை: 22 இருந்த கூட்டம், கசிவுக்குப் பின் சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது கைவிரல்களில் எண்ணிவிடலாம். 1984க்குப் பிறகு அதில் ஒரு கன்றும் பிறக்கவில்லை.

உங்கள் மூன்றாம் கேள்விக்கு இதுவே என் விடை: கண்ணில் படுவது மிகச் சிறு பங்கு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்ற எண்ணெய்த் துளைமேடை வெடித்துப் பதினொருவர் இறந்தனர். 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த கிணறு 87 நாள்கள் கக்கிக்கொண்டே இருந்தது. உலகம் முழுவதும் பார்த்த படம் எண்ணெயில் மூழ்கிய கூழைக்கடாவின் படம். யாரும் படம் எடுக்காதது லூசியானாவின் பாரடாரியா விரிகுடாவில் வாழும் ஓங்கில்களை (டால்பின்களை). கடல்மேல் எண்ணெய் ஆவியாகும்போது அதை நேராக மூச்சில் இழுத்தவை அவை. மூக்குத்துளை நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதால் தப்ப வழியில்லை. நுரையீரல் நோயும் அட்ரினல் சுரப்பிக் குறைவும் அவற்றிடம் கண்டறியப்பட்டன. கருவுற்றவற்றில் ஐந்தில் ஒன்றுதான் பிழைக்கும் கன்றை ஈன்றது. எண்ணெய் படாத இடங்களில் அது ஐந்தில் நான்குக்கும் மேல். சூரை மீன்களின் இளங்குஞ்சுகளில் இதயத் துடிப்பே சீர்குலைந்ததை ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். ஓங்கிலின் நுரையீரலையும் சூரையின் இதயத்தையும் எந்தச் சோப்புத் திரவத்தால் கழுவுவது?

முகத்துவாரம் எழுதியது:

நான் எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். கொசத்தலைக்கரை ஐயா கேட்ட கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் உள்ளூருக்குக் கொண்டுவருகிறேன்.

2017இல் மோதல் நடந்த அன்று கசிவே இல்லை என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். பிறகு சில டன் என்றார்கள். கடைசியில் வந்த கணக்கு ஏறத்தாழ 196 டன். அந்த இடைவெளியில்தான் பாரதியார் நகர்க் கரையில் கடலரிப்புக்காகக் கொட்டியிருந்த பாறைகளுக்கு இடையே எண்ணெய் புகுந்து களியாக இறுகியது. வாளியால் அள்ளிய இளைஞர்களை எல்லோரும் படத்தில் பார்த்தீர்கள். பாறை இடுக்கில் இருந்த நண்டுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவை எங்கள் வலைக்கு உரியவை அல்ல, விலைக்கும் போகாதவை. ஆனால் பாறை மீன்கள் அவற்றைத் தின்றுதான் வளர்கின்றன.

2023இல் எண்ணெய் கழிக்குள்ளேயே வந்துவிட்டது. கடலில் கொட்டினால் அலை அடித்துக் கலைக்கும். கழியில் அலை இல்லை. ஏற்றத்தில் அலையாத்தி வேர்வரை ஏறி, வற்றத்தில் அங்கேயே தங்கிவிடும். அலையாத்தி சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேரால்தான் காற்று எடுக்கிறது; அதில் எண்ணெய் பூசினால் மரத்தின் மூக்கை அடைத்ததற்குச் சமம். அந்த வேர்களுக்கிடையேதான் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் ஒதுங்கும். கையால் தடவி இறால் பிடிக்கும் மக்கள் மாதக்கணக்கில் அந்தச் சேற்றில் கையை விட முடியாமல் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் முதல் நாள்களில் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டெடுத்தார்கள். உறிஞ்சும் இயந்திரங்கள் பின்னர்தான் வந்தன.

ஆமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 கசிவு பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில் நடந்தது. அப்போது செத்து ஒதுங்கிய ஆமை ஒவ்வொன்றையும் எண்ணெயின் தலையில் கட்டியவர்கள் உண்டு. எண்ணெயே இல்லாத 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை மடியில் சிக்கி மூச்சுமுட்டிச் சாவதுதான் அதற்குப் பெருங்காரணம். மீனவனான நானே இதைச் சொல்கிறேன். அறுத்துப் பார்க்காமல் காரணம் சொல்லக் கூடாது.

தென்முனை எழுதியது:

எதிர்க்கணக்கு அவர்களுக்கு: ஓங்கிலைக் கழுவ முடியாது என்பது உண்மையே. அதனால்தான் எண்ணெய் படாத பறவைகளை லாரியில் ஏற்றியதை நான் கழுவியதைவிட உயர்த்திச் சொன்னேன். நீங்கள் குறிப்பிட்ட அதே 2010இல் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் அவ்வாறு ஒன்று நடந்தது. வளைகுடாவை நோக்கி இருந்த மணற்பரப்புகளில் ஆமைகள் இட்ட முட்டைகளைத் தோண்டியெடுத்து, ஃப்ளோரிடாவின் அட்லாண்டிக் கரைக்குக் கொண்டுசென்று பொரிக்கவைத்து, 14,000க்கும் மேற்பட்ட குஞ்சுகளை எண்ணெய் இல்லாத கடலில் விட்டார்கள். பொரித்த குஞ்சு நேராக எண்ணெயை நோக்கி ஓடும் என்று தெரிந்தபின் வேறு வழியில்லை.

ஆனால் உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்றையும் நான் மறைக்கக் கூடாது. நாங்கள் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அந்த ஆப்பிரிக்கப் பென்குவின் இனம், 2024இல் மிகவும் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. இப்போது எஞ்சியுள்ள இணைகள் 10,000க்கும் குறைவு. அவற்றைக் கொன்றது எண்ணெயைவிடப் பசி. அவை உண்ணும் மத்தியும் நெத்திலியும் கரையோரத்தில் குறைந்துவிட்டன. எஞ்சியவற்றுக்குப் பெரிய வலைகளோடு போட்டி. குடியிருப்புகளைச் சுற்றி அவ்வகை மீன்பிடிப்பை நிறுத்திவைக்க 2025இல்தான் நீதிமன்ற ஆணை வந்தது. என் மணிக்கட்டைக் கடித்த பறவையின் பேரப்பிள்ளைகள் பட்டினியில் செத்திருக்கலாம் என்ற நினைப்பு இதை எழுதும்போதும் உறுத்துகிறது. ஆனாலும் அன்று அந்தப் பறவைகளை விட்டிருந்தால், இன்று வழக்காடுவதற்கு எஞ்சியிருப்பவை இன்னும் குறைவாகவே இருந்திருக்கும்.

கொசத்தலைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் நண்பர்கள் இருவருமே பாதி சரி, பாதி தவறு என்று இந்தத் திரியைக் காட்டிச் சொல்லப்போகிறேன். இருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு. கடற்காகம் ஐயாவிடம் ஒரே ஒரு துணைக்கேள்வி. இனி ஒருமுறை இப்படி நேர்ந்து, பறக்க முடியாத ஒரு கூழைக்கடா என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

கடற்காகம் எழுதியது:

முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. நல்லெண்ணத்தோடும் வீட்டிற்குக் கொண்டுசெல்லக் கூடாது. அவர்கள் வரும் வரை பறவையைக் கடல்பக்கம் போகவிடாமல் மறித்து நில்லுங்கள். நீருக்குள் இறங்கிவிட்டால் அது கைவிட்டுப் போனதற்குச் சமம். பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ஒரு பெரிய துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்தி, இறக்கைகளை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். அலகை இறுகக் கட்டிவிடாதீர்கள். கூழைக்கடாவின் நாசித்துளைகள் அடைபட்டவை, அது வாய் வழியாகவே மூச்சுவிடுகிறது. அலகின் இரு தாடைகளுக்கிடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கும்படி பிடித்துக்கொண்டால் போதும். நீங்களும் கையுறை அணிந்துகொள்ளுங்கள். அந்த எண்ணெய் உங்கள் தோலுக்கும் ஆகாது.

காற்றுத் துளையிட்ட பெரிய அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். சோப்பு, மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதையும் தடவாதீர்கள். மண்ணெண்ணெயால் துடைத்துக் கொண்டுவரப்பட்ட ஒரு பறவையின் தோல் என் மேசையில் வெந்து உரிந்ததைப் பார்த்திருக்கிறேன். மீனைத் தொண்டையில் திணிக்க வேண்டாம், தண்ணீரையும் ஊற்ற வேண்டாம். கூட்டம் சேர்ந்து படம் எடுக்கத் தொடங்கினால் ஒருவரை வாசலில் நிறுத்துங்கள். எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்குக் கண்டெடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். எண்ணெய் படிந்த ஓர் இறகைத் தனியே அலுமினியத் தாளில் சுற்றி அதோடு கொடுத்தால், அந்த எண்ணெய் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பதை ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.